நாலடி எட்டு

நான் இத்தா இருக்கத் தொடங்கி எட்டாம் நாள், அஸர் தொழுகைக்குப் பிறகு நப்ரீஸ் வந்து என் அறைத் திரைக்கு அந்தப் பக்கம் நின்றான். திரைக்கும் தரைக்கும் இடையில் அவனுடைய கால்விரல்கள் மட்டும் தெரிந்தன. என் கணவரின் தம்பி, அண்ணனை நானா என்று கூப்பிடுகிறவன். எனக்குக் கல்யாணமான புதிதில் பள்ளிக்கூடம் விட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, "மதினி, சோறு ஈக்கா?" என்று குசினிக்குள் எட்டிப் பார்க்கிற பையன். மார்க்கப்படி அவன் எனக்கு எப்போதுமே அந்நிய ஆண்தான். ஆனால் புருஷன் மௌத்தாகி நாலு மாதமும் பத்து நாளும் அறைக்குள் இருக்கவேண்டி வந்தபோதுதான் அதற்கு ஒரு திரை தேவைப்பட்டது.

"மதினி," என்றான். "நானா பட்டிய கராஜாக்கோணும் எண்டு எவ்வளவு காலமா செல்லிட்டு ஈந்தார். அத நான் செஞ்சி முடிக்கப் போறன். நானாட பேருலயே நடக்கும். உங்களுக்கும் புள்ளக்கும் அதுல பங்கு ஈக்கிது. மதினிக்கி விருப்பமா?"

பட்டி என்பது எங்கள் வீட்டின் பின்பக்கத்துக் கொட்டில். என் வாப்பாவின் வாப்பா காலத்தில் பத்துப் பன்னிரண்டு பசுக்கள் அதில் நின்றனவாம். வெள்ளவத்தை ஒழுங்கைகளில் வீடு வீடாகப் பால் கொடுத்த குடும்பம் நாங்கள். என் நினைவில் அதற்குள் மாடு இல்லை. உடைந்த கதிரைகளும், துருப்பிடித்த கட்டிலும், யாரோ எடுத்துப் போவதாகச் சொல்லி எடுக்காமல் விட்ட ஜன்னல் சட்டங்களும்தான். மாடு போய் ஐம்பது வருஷமானாலும் பட்டி பட்டிதான். என் மகள் ருஷ்தாகூட, "பட்டிக்குள்ள பூன குட்டி போட்டு ஈக்கிது" என்றுதான் சொல்வாள்.

என் கணவர் இரத்மலானையில் ஒரு கராஜில் இருபத்தாறு வருஷம் வேலை செய்தவர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் தேத்தண்ணிக் கோப்பையோடு பின்வாசல் படியில் உட்கார்ந்து பட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பார். இந்த மூலையில் சாமான் தட்டு, அந்தப் பக்கம் வெல்டிங், நடுவில் வாகனம். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரிடமும் அதே கதை. ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கதையை விட்டுவிட்டு உண்மையிலேயே ஒரு அளவுநாடாவை எடுத்து வந்தார். ஒரு நுனியை என்னிடம் தந்தார். கேற் வாசலில் ஏழடி. அதற்குப் பிறகு, வீட்டின் பக்கவாட்டால் பட்டிக்குப் போகிற சந்து ஒடுங்கிக்கொண்டே போகிறது. பக்கத்துத் தொடர்மாடிக் கட்டடத்தின் மதில் கோணல். நின்று பார்க்கிற கண்ணுக்கு அந்தக் கோணல் தெரியவே தெரியாது. என் அறை மூலைக்கு வந்தபோது நாடா நாலடி எட்டு அங்குலம் காட்டியது.

"ஆகச் சின்னக் காருக்கே அஞ்சடி வேணும் நஸீறா," என்றார்.

மதிலைத் தொட முடியாது, அதன் மேல் ஆறு மாடி நிற்கிறது. உடைப்பதானால் என் அறை மூலையைத்தான் உடைக்கவேண்டும். என் வாப்பா எனக்குத் தந்த வீடு. "அத உடைச்சித்தான் கராஜ் வேணும் எண்டா எனக்கு கராஜே வேணாம்," என்று சொல்லி நாடாவைச் சுருட்டினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாரோ வந்தபோது பார்த்தால், சாமான் தட்டு இந்த மூலையில், வெல்டிங் அந்தப் பக்கம். நான் தேத்தண்ணியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்தேன். ஒரு மனிசன் சந்தோஷமாகக் கதைத்துக்கொண்டு இருக்கும்போது நடுவில் போய் அளவு சொல்வதற்கு எனக்கென்ன பைத்தியமா?

ஆகவே அன்றைக்கு நப்ரீஸிடம் நான் சொல்லவேண்டியிருந்தது இரண்டே வார்த்தை. வாகனம் வராது. அவ்வளவுதான். நான் சொல்லவில்லை. அழுகை வந்தது என்று இப்போது சொல்லலாம். அந்நிய ஆண் காதில் குரல் விழக்கூடாது என்று என் பெரியும்மா காலையில்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார், அதையும் சொல்லலாம். எல்லாம் உண்மைதான். ஆனால் அவர் பேரில் ஏதோ ஒன்று நடக்கப்போகிறது என்று கேட்டபோது என் நெஞ்சுக்குள் ஒரு சுகம் வந்ததே, அதுவும் உண்மை.

திரைக்குக் கீழே அந்த விரல்கள் கொஞ்ச நேரம் காத்திருந்தன. பிறகு, "சரி மதினி," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அவனைக் குறை சொல்ல முடியாது. எங்களுக்குள் குமர்ப்பிள்ளையிடம் சம்மதம் கேட்டு அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் விருப்பம் என்றுதான் பொருள். என் நிக்காஹ் அன்றும் வாப்பா இப்படி ஒரு திரைக்கு அந்தப் பக்கம் நின்றுதான் கேட்டார். நான் பேசாமல் இருந்தேன். வாப்பா சபைக்குப் போய், "புள்ளக்கி விருப்பம்" என்றார். அந்த ஒரு தரம் அது சரியாகத்தான் இருந்தது.

அடுத்த வாரமே வேலை தொடங்கிவிட்டது. நப்ரீஸ் பஞ்சிகாவத்தையில் ஸ்பெயார் பார்ட்ஸ் கடை ஒன்றில் பதினைந்து வருஷம் நின்றவன். அந்த வேலையை விட்டுவிட்டான். தன்னுடைய த்ரீவீல் ஆட்டோவில் சாமான் ஏற்றிச் சந்தால் நேரே பின்பக்கம் ஓட்டிக்கொண்டு போவான். த்ரீவீல் போனது. அது போனதால் கார் போகும் என்று நம்பினான். கடையில் காரின் ஒவ்வொரு உறுப்பும் பெட்டிக்குள் பார்த்தவன். முழுக் காரை ஒரு சந்துக்குள் திருப்பிப் பார்த்தவன் இல்லை.

என் அறை ஜன்னலை இத்தாவுக்காகப் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். எல்லாம் எனக்குக் காதால்தான் வந்தது. முதலில் பழைய கூரைத் தகரங்களைக் கழற்றிப் போடும் சத்தம். பிறகு மாட்டுத் தரைக் கருங்கல்லைப் பெயர்த்தார்கள். பிறகு கொங்கிரீட் கலக்கும் சத்தம், மட்டப்பலகை இழுக்கும் சத்தம். ருஷ்தா வகுப்பு விட்டு வந்து விபரம் சொல்வாள். "உம்மா, தர கண்ணாடி மாதிரி ஈக்கிது." "உம்மா, போர்ட் வந்திட்டு. வாப்பாட பேருல இப்றாஹிம் மோட்டர்ஸ் எண்டு செவப்புல எழுதி ஈக்கிது." அவள் முகத்தில் வாப்பா போனபிறகு நான் கண்ட முதல் சிரிப்பு அது. அதை எப்படி நிறுத்துவது?

சரி, பிள்ளை மேல் பழி போடக்கூடாது. என் கதையையே சொல்கிறேன். அவர் போனபிறகு இந்த வீட்டில் ஆம்பிளைச் சத்தமே இல்லாமல் போயிருந்தது. இருமல் இல்லை, செருப்புச் சத்தம் இல்லை, "நஸீறா, அந்த ஸ்பேனர எங்க வெச்சாய்?" இல்லை. பின்பக்கத்தில் சுத்தியல் விழத் தொடங்கியபோது எனக்குப் பசி எடுத்தது. உண்மையாகவே பசி எடுத்தது. பௌர்ணமிப் போயா விடுமுறையில் வேலையில்லை, அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இன்னும் ஒரு நாள் அடிக்கட்டும், நாளைக்குச் சொல்லலாம். நாளைக்கு வந்ததும் அடுத்த நாளைக்குச் சொல்லலாம்.

ஒருநாள் தரை போடுகிற மேசன் பாஸ் என் ஜன்னலுக்குக் கீழேயே நின்று சிங்களத்தில் கேட்டார், இந்தச் சந்தால் கார் ஒன்று வருமா மஹத்தயா என்று. வயதான குரல். வேலை தெரிந்த மனிதர்.

"எனவா, எனவா," என்றான் நப்ரீஸ். வரும், வரும். "மகே த்ரீவீல் எக்க எனவனே." என் த்ரீவீல் வருகிறதுதானே.

எனக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். நான் வாயைத் திறந்தேன். இரண்டு அந்நிய ஆண்கள், ருஷ்தாவும் வீட்டில் இல்லை, எப்படிக் கத்துவது என்று எனக்கு நானே சொல்லி வாயை மூடினேன். பொல்லாத பேணுதல்தான். எனக்கு வசதியான இடத்தில் மட்டும் மார்க்கம் ஞாபகம் வந்தது.

ஆனால் ஷாமிலா வந்த நாளுக்கு என்னிடம் எந்தச் சாட்டும் இல்லை. நப்ரீஸின் பெண்சாதி. அக்கா முறைக்கு என்னைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவாள். பொம்பளைக்குப் பொம்பளை, நடுவில் திரையும் இல்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கொண்டுவந்த கஞ்சியை எனக்கு ஊற்றித் தந்தாள்.

"தாத்தா, த்ரீவீலயும் வித்திட்டார். கொம்ப்ரெஷர் ஒண்டு எடுக்கோணுமாம். எனக்கு நெஞ்சு படபடங்கிது," என்றாள். "உங்கட புருஷன் யோசிக்காம ஒண்டும் செய்ய மாட்டார் தானே. அவர் நெனச்ச விஷயம் எண்டதாலதான் நானும் ஓம் எண்டு சென்ன."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கஞ்சி சூடாக இருந்தது. நான் ஊதி ஊதிக் குடித்தேன். சொன்னால் இவள் இப்போது இந்தக் கட்டிலிலேயே விழுந்து அழுவாள், த்ரீவீல் போய்விட்டது, திரும்பி வராது, இனிச் சொல்லி என்ன என்று நினைத்தேன்.

"இன்ஷா அல்லாஹ்," என்றேன். அவள் ஆறுதலோடு எழும்பிப் போனாள்.

எண்பத்தொன்பதாம் நாள் காலை முதல் கார் வந்தது. பக்கத்து ஒழுங்கை ஹியூபேட் அங்கிளின் சின்ன ஆல்டோ. கியர் சரியாக விழுவதில்லையாம். நப்ரீஸ்தான் உள்ளே கொண்டுவருவதாகச் சாவியை வாங்கினான். பிஸ்மில்லாஹ் சொல்வது கேட்டது. ருஷ்தா ஓடிப்போய்ப் பின்வாசலில் நின்றாள். நான் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் விரிப்பைப் பிடித்துக்கொண்டேன். நாடா பிழை காட்டியிருக்கக்கூடாதா, நான் பிழையாகப் பிடித்திருக்கக்கூடாதா என்று அந்த நேரத்தில் துஆ கேட்டேன்.

என்ஜின் சத்தம் என் சுவரோடு ஒட்டி வந்தது. கண்ணாடி மடிகிற சத்தம். பிறகு தகரம் உரசியது. நிறுத்தியிருக்கலாம், அவன் நிறுத்தவில்லை. இன்னும் கொஞ்சம் மிதித்தான். என் அறைச் சுவர் அதிர்ந்து மூலையில் சுண்ணாம்பு கொட்டியது.

"நிப்பாட்டுங்க தம்பி, நிப்பாட்டுங்க," என்று ஹியூபேட் அங்கிள் கத்தினார்.

என்ஜின் நின்றது. கார்க் கதவு சுவரில் முட்டும் சத்தம் கேட்டது, பிறகு மறுபக்கக் கதவு மதிலில் முட்டும் சத்தம். இரண்டு பக்கமும் கதவு திறக்க இடமில்லை. அவன் உள்ளுக்குள்ளேயே இருந்தான். அங்கிள் போய்ப் பின்கதவைத் திறந்து கொடுத்தார். நாற்பது வயது மனிதன் ஆசனங்களுக்கு மேலால் ஊர்ந்து, சாமான் வைக்கிற இடத்தால் வெளியே இறங்கினான். அவன் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது.

பிறகுதான் அளந்தான். ருஷ்தா ஒரு நுனியைப் பிடித்தாளாம். அளவை அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை. அங்கிள்தான் குனிந்து பார்த்துச் சொன்னார். பிறகு எல்லாரும் சேர்ந்து காரைப் பின்னுக்குத் தள்ளி ரோட்டில் விட்டார்கள். அங்கிள் ஒரு வார்த்தை ஏசவில்லை. "பரவாயில்ல தம்பி, பெய்ன்ட்தானே," என்று சொல்லிவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரத்தில் திரைக்குக் கீழே விரல்கள் வந்து நின்றன. ஒரு நகத்தில் இரத்தம்.

"மதினி, நானா இத அளந்து பாத்தாரா?"

"அளந்தார்," என்றேன். எண்பத்தொன்பது நாளில் அவன் காதில் என் குரல் விழுந்தது அப்போதுதான்.

"எப்ப?"

"அஞ்சி வருஷம்."

வெளியே ரோட்டில் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

"அப்ப மதினிக்கித் தெரிஞ்சி ஈந்திச்சி," என்றான்.

அவன் கேட்கவில்லை, சொன்னான். அவன் அங்கே நிற்கும்வரை நான் அந்தக் காயம்பட்ட விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அது இல்லை.

ருஷ்தாவைக் கூப்பிட்டேன். பின்பக்கம் வரைக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். "சாச்சாட்ட செல்லு, இந்த மூலைய உடைக்கட்டும். இண்டைக்கே பாஸ கூட்டிட்டு வரட்டும். நான் குசினிப் பக்கத்து அறைக்கி மாறிக்கிறன். முழு அறையும் வேணும் எண்டாலும் எடுக்கட்டும்." மனதாரத்தான் சொன்னேன். வாப்பா தந்த வீடாவது, மண்ணாங்கட்டியாவது.

ருஷ்தா போய்விட்டுத் திரும்பி வந்து திரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஏலாதாம் உம்மா. இத்தாவுல ஈக்கிற பொம்பளட அறைய உடைச்சான் எண்டு பேர் எடுக்க ஏலாதாம். இத்தா முடியட்டும், பொறவு பாப்பம் எண்டு செல்றாங்க."

"ஏசினாரா?"

"இல்ல. மெதுவாத்தான் சென்னாங்க." பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டாள்: "ஏன் உம்மா செல்லல்ல?"

அவன் ஏசியிருந்தால் எவ்வளவோ நல்லது. நாலு பேருக்கு முன்னால் என்னைக் கிழித்திருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பேன், எனக்கும் நாக்கு இருக்கிறது. ருஷ்தா திரையை விட்டுவிட்டுப் படிக்கப் போனாள்.

அன்றைக்கு இத்தா முடிய இன்னும் நாற்பத்தொரு நாள் இருந்தது. பஞ்சிகாவத்தைக் கடைக்காரர் நப்ரீஸின் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டாராம், ஷாமிலா தொலைபேசியில் ருஷ்தாவிடம் சொல்லியிருக்கிறாள். என்னோடு கதைக்கக் கேட்கவில்லை. களுபோவிலயில் இருக்கிற தன் வீட்டிலிருந்து இப்போது பஸ்ஸில்தான் வருகிறான். காலை எட்டு மணிக்குக் கேற் திறக்கிறது. செருப்புச் சத்தம் சந்தால் வருகிறது. என் அறை மூலைக்கு வரும்போது மட்டும் மெதுவாக, பூனை மாதிரி, சத்தமில்லாமல் நடக்கிறான். பிறகு பட்டியின் பூட்டுத் திறக்கிறது. பிறகு விளக்குமாறு. எண்ணெய் ஒரு சொட்டும் விழாத தரையை, ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரைக்கும், அவசரமில்லாமல் கூட்டிக்கொண்டிருக்கிறான்.