பார்த்ததாகச் சொன்ன டிவிடி

என் அண்ணன் கல்யாண டிவிடியைப் பார்த்துவிட்டேன் என்று பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் போனில் ஒரு பொய் சொன்னேன். சொல்வதற்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அதைச் சரிக்கட்ட இந்த மார்கழியில் கோயமுத்தூர் பூராவும் நாயாய் அலைய வேண்டியதாகிவிட்டது.

திங்கட்கிழமை காலையில் அமெரிக்காவிலிருந்து நந்திதா கூப்பிட்டாள். அண்ணன் மகள், பதினேழு வயசு. சனிக்கிழமை அவளும் அண்ணனும் இங்கே வருகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரியாத சேதி ஒன்று வைத்திருந்தாள். அவளுக்கு நாலு வயசாக இருந்தபோது புயல் மழையில் அவர்கள் வீட்டுக் கீழறைக்குள் தண்ணீர் புகுந்து, அப்பா அம்மா கல்யாண டிவிடியெல்லாம் வீணாகிப் போயிற்றாம். அம்மா பூங்கோதை தவறி ரெண்டு வருஷம் ஆகிறது. அம்மாவைக் கல்யாணப் பெண்ணாக ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று இந்தப் பிள்ளைக்கு ஆசை.

"அப்பாதான் சொன்னாங்க, அத்தைகிட்ட ஒண்ணு இருக்கும், பத்திரமா வெச்சிருப்பான்னு. இருக்கா அத்தை?"

இருக்கிறது கண்ணு, பத்திரமாக இருக்கிறது என்றேன். அது பொய் இல்லை. பீரோவில் பத்திரக் கட்டுக்கு அடியில் உறைகூட இல்லாமல் கிடந்தது. ஆனால் அது ஓடுமா, அதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது. சனிக்கிழமை அண்ணன் எதிரில் அதைப் போட்டு, அது ஓடாமல் போனால் என் வண்டவாளம் தெரிந்துவிடும். ஓடினாலும் நான் முதல் தடவையாகப் பார்க்கிறேன் என்பது என் மூஞ்சியிலேயே தெரிந்துவிடும். எனக்கு மறைக்க வராது, கோபத்தைத் தவிர வேறு எதையும் உருப்படியாகக் காட்டவும் வராது.

கதையைக் கொஞ்சம் பின்னால் இருந்து சொன்னால்தான் சரிப்படும். நானும் அண்ணன் பொங்கியண்ணனும் மேட்டுப்பாளையத்தில் வளர்ந்தவர்கள். அவருக்கு மிஷின் என்றால் பைத்தியம். லீவு நாளில் கடைவீதியில் வீடியோ டெக்கை வாடகைக்கு எடுத்து, சாக்கில் சுற்றிச் சைக்கிள் கேரியரில் வைத்து அவர் தள்ளிக்கொண்டு வருவார். நான் பின்னால் ரெண்டு கையாலும் டெக்கைப் பிடித்துக்கொண்டே நடப்பேன். கை வலிக்கும், சொல்லமாட்டேன். சொன்னால் அடுத்த தடவை கூட்டிப் போகமாட்டாரே. படம் கோடு கோடாக வந்தால், சலவை ரெண்டு ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்து டெக்கின் ஹெட்டைத் துடைப்பார். அந்த நோட்டைப் பிடித்திருக்கிற வேலை எனக்கு மட்டும்தான். சித்தப்பா பையன்கள் கேட்டால், "மயிலா கைதான் சுத்தம்" என்று சொல்லிவிடுவார். இப்போது நினைத்தாலும் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

அப்பேர்ப்பட்ட அண்ணன் 2006-ல் அமெரிக்காவிலேயே கல்யாணம் வைத்துக்கொண்டார். பூங்கோதை கோபிசெட்டிபாளையம் பக்கத்துப் பெண், அமெரிக்காவிலேயே வேலை. ரெண்டு பேருக்கும் லீவு இல்லை. எனக்கு விசா எடுக்கச் சென்னைக்குப் போனேன். ரெண்டு கேள்வி கேட்டுவிட்டு, கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒரு சீர் உண்டு. தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளைக்கும் அவருடைய தங்கைக்கும் செய்வது. பெண்ணின் கூறைச்சேலை ஒரு முனை அண்ணன் கையில், மறு முனை தங்கை தோளில். பெண்டாட்டி வந்தாலும் உன்னை விட்டுவிடமாட்டேன் என்று ஊர் பார்க்க அண்ணன் சொல்கிற மாதிரி. அந்தச் சேலையைத்தான் பிறகு பெண் கட்டிக்கொள்வாள். தங்கை இல்லாவிட்டால் பங்காளி வீட்டுப் பெண் யாராவது நிற்பார்கள். ஆனால் எங்கள் அண்ணனுக்குத்தான் தங்கை குத்துக்கல்லாட்டம் இருக்கிறேனே.

கல்யாணம் முடிந்து பத்து நாளில் பெரியப்பா மகள் ராமாத்தாள் ஒரு போட்டோவைக் கொண்டுவந்து காட்டினாள். பச்சைச் சேலை கட்டிய எவளோ ஒருத்தி, அண்ணன் பக்கத்தில் கூறைச்சேலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நிற்கிறாள். "உன்ற எடத்துல ஆரோ நின்னுட்டாளே" என்று ராமாத்தாள் உச்சுக்கொட்டினாள்.  அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

அடுத்த மாதம் யாரோ ஊருக்கு வந்தவர் கையில் அண்ணன் டிவிடியைக் கொடுத்தனுப்பியிருந்தார். எங்கள் பிளேயரில் போட்டேன். ஓடவில்லை. திரையில் 'ரீஜன் எரர்' என்று இங்கிலீஷில் வந்தது, தட்டு வெளியே வந்துவிட்டது. மூன்று தடவை போட்டும் அதேதான். எனக்கு வந்த ஆத்திரத்தில், ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்து அனுப்பக்கூட இவருக்கு நேரமில்லை, நான் அவ்வளவு இளக்காரமாகப் போய்விட்டேன் என்றுதான் தோன்றியது. மிஷின் பைத்தியம் பிடித்த மனிதர் எனக்கு அனுப்பினதில் மட்டும் கோட்டை விடுவாரா? தூக்கிப் பீரோவில் எறிந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கூப்பிட்டார். டிவிடியைப் பார்த்தாயா என்றார். ஓடவில்லை என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். வீம்பு விடவில்லையே. பார்த்தேன் என்றேன். ஏதாச்சும் சொல்லு மயிலா என்றார்.

"சொல்றதுக்கு என்னுங்கண்ணா இருக்குது? எல்லாரும் நல்லாருந்தாச் சரி."

 சரி கண்ணு என்று வைத்துவிட்டார். அதற்கப்புறம் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும்தான் போன். மழை பெய்ததா, உடம்பு எப்படி, அவ்வளவுதான். நங்கையிடம், அண்ணன் பெண்டாட்டியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், நான் சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசினதே கிடையாது. அவள் போனுக்கு வந்தால் ரிசீவரை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிடுவேன். அவள் செத்துப்போனபோதும் அண்ணனிடம் என்ன பேசுவது என்று தெரியாமல், தைரியமாக இருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை காந்திபுரத்தில் நாலு கடை ஏறி இறங்கினேன். டிவிடி பிளேயர் என்று சொன்னதுமே சிரிப்பு. ஒரு கடையில் கழுத்துப் பட்டையில் அட்டை தொங்கவிட்ட தம்பி, "அதெல்லாம் வர்றதில்லீங்க, பென் டிரைவ்ல போட்டுப் பாருங்க" என்றான். பென் டிரைவில் போடத் தெரிந்தால் நான் ஏன் உன் கடைக்கு வருகிறேன் சாமி என்று கேட்டுவிட்டு இறங்கினேன். பீளமேட்டில் கம்ப்யூட்டர் கடையில் சின்னதாக ஒரு டிரைவ் வைத்திருந்தார்கள். தட்டை உள்ளே விட்டதும் கரகரவென்று சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. பழைய தட்டுங்க, படிக்கமாட்டேங்குது என்று துடைத்துக் கையில் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரர், ஓடலைன்னு சொல்லிப்போட்டா மச்சான் உன்னையக் கடிச்சா திங்கப்போறார் என்கிறார். லேத் பட்டறையில் இரும்பு கடைகிற மனிதர், அவருக்கென்ன.

புதன்கிழமை கோட்டைமேட்டுக்குப் போனேன். அங்கே ரசாக் என்று ஒருவர் டிவி ரிப்பேர் பார்க்கிறார் என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா சொன்னார். கடை முழுக்கப் பழைய டிவி. மனிதர் தட்டை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். உள்ளேயிருந்து வெளியே நேராக, மெத்துத் துணியால் துடைத்தார். எங்கிருந்து வந்தது என்று கேட்டார். அமெரிக்கா என்றேன், ரீஜன் எரர் கதையையும் சொன்னேன். எங்கள் அண்ணன் ஓடாத தட்டை அனுப்பிவிட்டார் என்றும் சேர்த்துச் சொன்னேன். பழக்கதோஷம்.

"தட்டு மேல தப்பில்லீங்கக்கா. உங்க பிளேயர் மேலயும் தப்பில்ல. அவிய ஊருக்கு ஒரு நம்பர், நம்மூருக்கு ஒரு நம்பர். படம் ஓடற முறையும் வேற வேற. அங்க ஓட்டிப் பாத்துட்டுத்தான் அனுப்பியிருப்பாரு. அங்க ஓடும், இங்க ஓடாது. அன்னைக்கு ஒரு போன் போட்டுச் சொல்லியிருந்தா மாத்தி அனுப்பியிருப்பாருங்க."

கடைப் படியிலேயே உட்கார்ந்தேன். ஒரு ஆள் மேலும் தப்பில்லாத காரியத்துக்குப் பத்தொன்பது வருஷம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

எல்லா ஊர்த் தட்டும் ஓடுகிற பிளேயர் வேண்டும், அதுவும் பழசாக இருந்தால்தான் இந்தத் தட்டைப் படிக்கும் என்றார் ரசாக். வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் வீட்டில் அப்படி இருக்குமாம், அங்கே பல தேசத்து ஜனம் இருப்பதால் எல்லாவற்றுக்கும் சேர்த்து விற்பார்களாம். யோசித்தார். பிறகு கடையைப் பாதி சாத்திவிட்டு, பக்கத்துச் சந்தில் இருந்த தங்கை ஜன்னத் வீட்டுக்குக் கூட்டிப்போனார். ஜன்னத்தின் வீட்டுக்காரர் சார்ஜாவில் இருந்து கொண்டுவந்த பிளேயர் அங்கே இருந்தது. அதன்மேல் கேபிள் பெட்டி, அதன்மேல் பிளாஸ்டிக் பூ. அது பிளேயர் என்பதே வீட்டில் எல்லோருக்கும் மறந்துவிட்டது.

பெட்டியைத் துடைத்து ஒயர் மாட்டினார் ரசாக். தட்டு உள்ளே போய் வெகு நேரம் சுற்றியது.  சட்டென்று நாதஸ்வரம்.

ஒரு பெரிய ஹால். பட்டுச்சேலைமேல் ஸ்வெட்டர் போட்ட பெண்கள். அண்ணனுக்குத் தலைமுடி கருகருவென்று இருந்தது. பூங்கோதை ஒல்லியாக, பயந்த முகமாக நின்றாள். ரசாக் ஒயரைச் சரிபார்த்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். ஜன்னத் டீ கொடுத்துவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

சடங்கு நடத்த அங்கே எங்கள் அருமைக்காரர் இல்லை. அண்ணனுடைய சிநேகிதர் சாமுவேல், காகிதத்தில் எழுதிவைத்துக்கொண்டு ஒவ்வொரு சீராகப் படித்தார். இணைச்சீர், மாப்பிள்ளையோட தங்கச்சி வாங்க என்றார். பச்சைச் சேலைக்காரி கூறைச்சேலையை எடுத்துக்கொண்டு சிரித்தபடி முன்னால் வந்தாள். ராமாத்தாள் காட்டின போட்டோ இதுதான். ஆனால் போட்டோ அதோடு நின்றுவிட்டது, படம் நிற்கவில்லை. அண்ணன் அவளைக் கும்பிட்டு, "இது என்ற தங்கச்சி எடமுங்க" என்றார். அவள் சேலையை அவர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டாள். பக்கத்தில் காலியாக இருந்த மணைமேல் அண்ணன் ஒரு முனையைப் போட்டார். மறு முனையைக் கையில் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்தார்.

"மயிலா, உனக்கு விசா தரலைன்னா உன்ற எடத்த வேற ஆருக்குங் குடுத்துருவனா? பூங்கோதை இன்னைக்கு வேற சேலை கட்டிக்குவா. இத மடிச்சு வெச்சிருக்கறோம். நீ பாத்துப்போட்டு, கட்டிக்கச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லு கண்ணு. அப்பறந்தான் கட்டுவா."

பூங்கோதை பக்கத்தில் வந்து, "சொல்லுங்க அம்மணி, காத்திருக்கறேன்" என்றாள்.

ஜன்னத் என் பக்கம் திரும்பினாள். "சொன்னீங்களாக்கா?"

 எல்லாரும் நல்லாருந்தாச் சரி. அதுதான் நான் சொன்னது. அந்தப் பெண் செத்தும் போய்விட்டாள்.

படம் முடியும்வரை என்னால் உட்கார முடியவில்லை. சந்தைத் தாண்டி மெயின் ரோட்டுக்கு வந்து, பஸ் ஸ்டாப் பக்கத்தில் நின்று அண்ணனுக்குப் போன் போட்டேன். இங்கே சாயங்காலம், அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும். சனிக்கிழமைவரை பொறுக்க எனக்குத் தெம்பில்லை.

"அண்ணா, அந்த டிவிடிய நான் இன்னைக்குத்தான் பாத்தேனுங்க. அன்னைக்குப் பாத்தேன்னு சொன்னது பொய்யிங்க. இங்க ஓடல. ஓடலைன்னு சொல்றதுக்கு எனக்கு வாய் வரல."

 லைன் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது.

"நங்கை அந்தச் சேலைய..." என்று ஆரம்பித்தேன். 

"கட்டுனா கண்ணு" என்றார்.

ஆருங்கண்ணா சொன்னது, நான்தான் சொல்லவே இல்லையே என்றேன்.

"நாந்தான் சொன்னேன். நீ போன்ல சொன்னத அவகிட்ட எப்படிச் சொல்றது? மயிலா பாத்துட்டு அழுதுபோட்டா, உடனே கட்டிக்கச் சொல்லிப்போட்டான்னு சொன்னேன். அன்னைக்கே கட்டிக்கிட்டா. நந்திதாவுக்குக் காது குத்தறப்பக் கட்டுனா. கடைசியா அனுப்பி வெச்சதும் அதக் கட்டித்தான்." பிறகு அவரே சொன்னார். "அவளுக்கு உன்ற மேல வருத்தமே கெடையாது மயிலா. எனக்குத்தான் இருந்துச்சு."

பஸ்ஸுக்கு நிற்கிற ஜனமெல்லாம் திரும்பிப் பார்க்க, நான் நடுரோட்டில் ஓவென்று அழுதேன். எனக்கு வெட்கமாக இல்லை. நான் அழுது முடிக்கும்வரை அண்ணன் போனைப் பிடித்துக்கொண்டிருந்தார்.