முதல் வரி, கடைசி வரி

வெளிநாட்டுல டாக்டர் சீட்டுக்கான நுழைவுத் தேர்வுல, பத்தியைப் படிச்சுப் பதில் எழுதற பகுதின்னு ஒண்ணு. இருபது மார்க். நான் ரெண்டு தடவை கோட்டை விட்டது அதுலதான். கோச்சிங் சென்டர் சார் வழி சொன்னார்: "முழுசா எவன் படிப்பான்? முதல் வரி, கடைசி வரி போதும். நடுவுல இருக்கிறதெல்லாம் வெறும் இழுவை." ஆறு மாசம் கடிகாரத்தை வெச்சுக்கிட்டு அப்படியே பழக்கினார். ஏழு வாங்கிட்டிருந்த நான், மாதிரித் தேர்வுல பதினெட்டு வாங்கினேன். சென்டர் வாசல் போர்டுல என் போட்டோவை ஒட்டினாங்க.

அந்தச் சமயத்துலதான் அப்பாவை நெஞ்சு வலி வைத்தியம் முடிஞ்சு வீட்டுக்கு அனுப்பினாங்க. ஆஸ்பத்திரியில கொடுத்த ரெண்டு பக்கக் காகிதத்தை என்கிட்ட நீட்டி, "டாக்டரம்மா, நீங்களே பார்த்துச் சொல்லுங்க"ன்னார். எனக்குச் சந்தோஷத்துல தலைகால் புரியல. மேல ஒரு பார்வை, கீழ ஒரு பார்வை.

"புது மாத்திரை காலையில ஒண்ணு. பத்து நாள் கழிச்சுப் போகணும். அவ்வளவுதாம்பா."

பதினோராவது வரியில இருந்தது: ரத்தம் உறையாம இருக்கக் கொடுத்த பழைய மாத்திரையை உடனே நிறுத்தவும். அஞ்சு நாள் ரெண்டையும் என் கையாலயே கொடுத்தேன். ஆறாம் நாள் அப்பா ரத்த வாந்தி எடுத்தார். இன்னும் கண் திறக்கல.

என் மேல ஆத்திரம். அந்தக் கோச்சிங் சார் மேல அதைவிட ஆத்திரம். நேர்ல பேசினா அழுதுடுவேன்னு ரெண்டு பக்கம் எழுதி சென்டருக்கு எடுத்துட்டுப் போனேன். அட்மிஷனுக்குப் பிள்ளைங்களும் அப்பா அம்மாக்களும் வரிசையில நின்னாங்க. சார் வாங்கி மேல பார்த்தார், திருப்பிக் கீழ பார்த்தார். முகமெல்லாம் பல்லு.

"'நீங்க சொல்லிக்கொடுத்தபடியே படிச்சேன் சார்.' 'உயிர் இருக்கிற வரைக்கும் உங்களை மறக்கமாட்டேன்.' கேட்டுக்கோங்க எல்லாரும்! இதுக்கு மேல என்ன வேணும்?"

அதை என் போட்டோ பக்கத்துலயே குத்தி வெச்சார். வரிசையில கை தட்டினாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. ஊசியோட பிடுங்கினேன்.

"என்னம்மா இது? நேரமாகுது, அதான் படிச்சாச்சே."

"நடுவுலதான் சார் எங்கப்பா கிடக்கார்"னு சொல்லிட்டு, வரிசையைப் பார்த்துத் திரும்பி நின்னு, ரெண்டாவது வரியில இருந்து சத்தமா படிக்க ஆரம்பிச்சேன்.