பீரில் வெண்ணெய் வாசம்

தலிபோர் அந்தக் குட்டி ஃபிரிட்ஜைத் தூக்கிக்கொண்டு வந்தபோது வெளியே முழங்கால் உயரத்துக்குப் பனி கிடந்தது. மூடிவிட்ட ஏதோ விடுதியில் சாக்லேட்டும் சோடாவும் குளிர்ந்துகொண்டிருந்த பெட்டி. ஊரே விறைத்துக் கிடக்கும்போது ஃபிரிட்ஜ் வாங்கி வருகிற மனுஷனுக்கு வாழ்க்கைப்பட்டது தன் பாக்கியம் என்றாள் யர்மிலா. ரயில் ஓட்டுகிறவனுக்கு இரைச்சல் பழக்கம். அவன் கண்டுகொள்ளவில்லை.

நிலவறையில் வைத்துத் தட்டுகளைக் கழற்றினான், கதவின் உள்பக்கத்துப் பிளாஸ்டிக்கை அறுத்தெறிந்தான். பீர் நொதிக்கும் வாளியை ஆசையோடு உள்ளே இறக்கினால், நொதிக்கிற காற்று வெளியேற மூடியில் செருகியிருந்த குழாய் மேலே முட்டியது. வாளியை மூன்று தடவை அளந்தவன் குழாயை மறந்திருந்தான்.

"தலையை அளந்தே, தொப்பியை அளக்கலையேப்பா" என்றாள் யர்மிலா.

மூடியின் ஓரத்தில் வேறு துளை போட்டு, வளைந்த ரப்பர் குழாயைச் செருகிச் சமாளித்தான். அடுத்த வம்பு, நிலவறைக் குளிரில் ஈஸ்ட் சுருண்டு தூங்கிவிட்டது. பிஸ்கட் டின்னுக்குள் பல்பு மாட்டி உள்ளே வைத்தான். குளிர்ச்சி மிஞ்சினால் பல்பு எரியும், சூடு மிஞ்சினால் ஃபிரிட்ஜ் ஓடும். வேண்டிய அளவுக்கு ஒரு குமிழைத் திருகி வைத்தால் போதும். சுடுகிற ஃபிரிட்ஜை உலகத்திலேயே முதலில் செய்தவன் தன் புருஷன்தான் என்று யர்மிலா தான் பாடும் பாட்டுக்குழு முழுக்கச் சொல்லிச் சிரித்தாள்.

ஆனாலும் அவளுக்கு உள்ளூர ஒரு கவலை இருந்தது. முன்பு இரண்டு தடவை காய்ச்சிய பீரிலும் வெண்ணெய் வாசம் அடித்தது. அவர்கள் ஊரான யிஹ்லவாவில் அடுத்தவன் பீரை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். 'நல்லா இருக்கு' என்று சொல்லிவிட்டுப் பாதிக் கோப்பையோடு எழுந்துவிடுவார்கள். மானம் போக அது போதும். பீர் ஆலையில் வேலை பார்க்கும் அவளுடைய அண்ணன் விலேம் இரண்டு தடவையும் அப்படித்தான் எழுந்தார். இந்த ஈஸ்டரிலும் மச்சான் மீதி வைத்தால் ஃபிரிட்ஜ், வாளி எல்லாவற்றையும் யாருக்காவது கொடுத்துவிடுவதாகத் தலிபோர் சொல்லியிருந்தான். இரண்டாவது பீரைத் தொட்டியில் கொட்டும்போது அவன் முகம் போன போக்கு அவள் மனசை விட்டுப் போகவில்லை.

அப்படிப்பட்டவள்தான் அந்தக் காரியத்தைச் செய்தாள். பீர் நொதித்து முடியப்போகிற சமயம், தலிபோர் தொலைதூர ரயிலில் போயிருந்தான். வீட்டில் வெந்நீர்க் கொதிகலன் கெட்டுப்போய் அடுப்படி சில்லிட்டது. மறுநாள் பாட்டுக்குழுவின் திருவிழாவுக்கு அவள் கோலாச் என்ற இனிப்பு பன் சுட்டாக வேண்டும். பிசைந்த மாவோ குளிரில் பொங்காமல் கல்லு மாதிரி கிடந்தது. மாவுச்சட்டியை ஃபிரிட்ஜுக்குள் வாளிக்குப் பக்கத்தில் இடுக்கி, குமிழைச் சூட்டுப் பக்கம் திருகினாள். மாவு பொங்கி வழிந்தது. பன்னைச் சுட்டு எடுத்துக்கொண்டு ஓடியவளுக்குக் குமிழ் நினைவே இல்லை. இரண்டு நாள் கழித்து, தலிபோர் திரும்பி வரும் நாளில்தான் சுரீரென்றது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தால் வெதுவெதுப்பான காற்று முகத்தில் அடித்தது. குமிழைப் பழைய இடத்துக்குத் திருகிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அன்றிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் அவள் அந்த ஃபிரிட்ஜைக் கேலி செய்யவே இல்லை. உடம்புக்கு ஏதாவதா என்று தலிபோரே கேட்டுவிட்டான்.

ஈஸ்டரன்று விலேம் வந்தார். முதல் மிடறு குடித்தார். யர்மிலா மேஜைத் துணியின் ஓரத்தை முறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் கோப்பையைக் காலி செய்து முன்னால் நகர்த்தினார்.

"இன்னொண்ணு ஊத்து, மாப்ளே."

தலிபோருக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டியைக் கட்டிய கதையை முதலிலிருந்து ஆரம்பித்தான். சூடு இம்மியும் கூடாமல் கடைசிவரை ஒரே குளிரில் காத்ததுதான் சூட்சுமம் என்று முடித்தான்.

"கதை விடாதே. நொதிச்சு முடியறப்போ ரெண்டு நாள் கதகதன்னு வெச்சாத்தான் அந்த வெண்ணெய் வாசம் போகும். யார் சொல்லிக் குடுத்தா?" என்றார் விலேம்.

சத்தியமாக அப்படி எதுவும் செய்யவில்லை என்றான் தலிபோர். அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தாள் யர்மிலா. பேசாமல் இருந்துவிடலாம்; இன்றைய நாள் முழுக்க அவனுடையதாக இருக்கும். ஆனால் அடுத்த பீரையும் கடைசிவரை குளிரிலேயே வைப்பான், அதுவும் தொட்டிக்குத்தான் போகும். அதை இன்னொரு தடவை அவளால் பார்க்க முடியாது.

மாவு, குமிழ், மறந்துபோனது, எல்லாவற்றையும் சொன்னாள். விலேம் கண்ணில் நீர் வரச் சிரித்தார். தலிபோர் சிரிக்கவில்லை. ஜாடியை எடுத்தான். மச்சான் நீட்டிய கோப்பையைத் தாண்டிப் போய் யர்மிலாவின் கோப்பையை நுரை வழிய நிரப்பினான்.

"அடுத்த பன் எப்போ சுடுவே?" என்று கேட்டான். "நான் அதுக்குத் தோதா காய்ச்சணும்."