டிக்கி ரப்பருக்கு அடியில்

பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு அதன் முதல் நிறத்தையே அடிக்கச் சொல்லியிருந்தார் கார்க்காரர். கம்பெனியிலிருந்து அது என்ன நிறத்தில் வந்தது என்று பெயின்டர் மூன்று வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். எவனோ ஒரு புண்ணியவான் தகடு தெரியச் சுரண்டிவிட்டுத்தான் சிவப்படித்திருந்தான். இன்று டிக்கி ரப்பரைப் பிய்த்தபோது, கட்டைவிரல் அகலத்துக்குப் பழைய பெயின்ட் தப்பியிருந்தது. பச்சையா நீலமா என்று பட்டறை வெளிச்சத்தில் பிடிபடவில்லை. கலர் அட்டையை எடுக்க உள்ளே ஓடினார்.

திரும்பி வந்தால், கார்க்காரரின் மச்சான் உப்புத்தாளும் கையுமாக நின்றார். அந்த இடத்தில் வெறும் தகடு பளபளத்தது. தூளைக்கூட ஊதித் தள்ளியிருந்தார்.

"சும்மாதானே நிக்கிறோம்னு தேச்சு விட்டேண்ணே. ஒரே அழுக்கு."

பெயின்டர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். "தேய்க்கறப்ப என்ன கலரா இருந்துச்சு?"

மச்சான் நன்றாக யோசித்தார்.

"அழுக்குக் கலர்தாண்ணே."