மேல்வீட்டுத் தண்ணீர்

மாடியில் ஓரகத்தி சுவிட்சைப் போட்டாள். சிங்க்குக்கு அடியில் காய்கறிக் கழிவை அரைக்கும் மெஷின் குர்ரென்று மெதுவாக ஓடி, காரியத்தை முடித்துக்கொண்டு அடங்கியது. கீழே மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. இரண்டு வீட்டுக்கும் ஒரே கடையில், ஒன்றாக வாங்கியதுதான். இவளுடையது மட்டும் கேரட் தோலைப் போட்டாலே கல்லைக் கடித்த மாதிரி கத்தும், பாதியில் நின்றும்விடும்.

அதைவிட எரிச்சல் புருஷனுடைய பேச்சு. சாப்பிட்டுக் கை கழுவும்போதெல்லாம், "தம்பி பொண்டாட்டி எப்படி வெச்சிருக்கா பாரு. உன் கைல எது உருப்படுது?" என்பார். இந்தக் கையில் இதுவரை ஒரு கரண்டிகூடத் துருப்பிடித்ததில்லை. ஆனாலும் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. தோலையெல்லாம் பொடிப்பொடியாக நறுக்கி உள்ளே போட ஆரம்பித்தாள். குப்பையில் போவதை யாராவது உட்கார்ந்து நறுக்குவார்களா? அவள் நறுக்கினாள்.

இன்று பொறுக்கமுடியாமல் குழாய் ரிப்பேர்காரரை வரவழைத்தாள். அவர் மெஷினைக் கழற்றி உள்ளே சுரண்டினார். வெள்ளை வெள்ளையாய்ப் பொருக்கு உதிர்ந்தது.

"உங்க மேல தப்பே இல்லம்மா. எல்லாம் உப்புத் தண்ணி பண்ற வேலை. படிஞ்சு படிஞ்சு கல்லா இறுகிப் போச்சு."

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. சாயங்காலம் புருஷனிடம் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வேண்டும். உடனே இன்னொன்று உறுத்தியது.

"மேலயும் இதே தண்ணிதானே?"

"மேலதான் உப்பு எடுக்கற டாங்க் மாட்டியிருக்கே. கீழயும் ஒரு லைன் இழுத்துடலாம்னு அப்பவே கேட்டேன். உங்க வீட்டு சார்தான் மேல மட்டும் போதும்னுட்டாரு."

மூத்தவள் மாடிப்படியை நிமிர்ந்து பார்த்தாள். முட்டி வலி என்று மாடிப்படி பக்கமே போகாத மனிதர்!

"சுரண்டினது போதும். அப்படியே மாட்டிடுங்க," என்றாள்.

புருஷன் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டாள். "எனக்கு மட்டும் ஏன் உப்புத் தண்ணி?"

அவர் கொஞ்சமும் அசரவில்லை. "தலைமுடி கொட்டுதுன்னு அவ வாயைத் தொறந்து கேட்டா. நீ கேக்கவே இல்லியே?"

உண்மைதான். கேட்காமலே செய்வார் என்று இத்தனை வருடமும் இருந்துவிட்டாள். இன்னொருத்தி ஒரு வார்த்தை கேட்டதும் ஓடியிருக்கிறார்.

அவர் மேற்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் சமையலறைக்குள் போய், கேரட் தோலை மெஷினுக்குள் தள்ளி சுவிட்சைப் போட்டாள். மெஷின் வீடே அதிரக் கத்தியது. பின்னாலேயே வந்த அவருடைய உதடுகள் அசைந்தன, ஒன்றும் கேட்கவில்லை. என்னவோ ஏதோவென்று பதறி இறங்கிவரும் ஓரகத்தியின் பாதங்கள் மாடிப்படியில் தெரிந்தன. மூத்தவள் சுவிட்சிலிருந்து கையை எடுக்கவில்லை.