முள் மீனும் மந்திரிசபையும்

என் கணவர் மந்திரியானதிலிருந்து எங்கள் வீட்டில் முள் அதிகமுள்ள மீனே வாங்குவதில்லை. அந்த மீனை ஆற அமர உட்கார்ந்து தின்ன வேண்டும். அவருக்கு ஆறவும் நேரமில்லை, அமரவும் நேரமில்லை. முதல் வாய் உள்ளே போவதற்குள் போன் அடித்துவிடும். கல்யாணமான புதிதில் அதைப் பொரித்து வைத்துக்கொண்டு எதிரெதிரே உட்காருவோம். அவர் முள்ளை நீக்கி நீக்கிச் சதையை என் தட்டில் போடுவார். பேச்சு சாயங்காலம்வரை ஓடும். அந்த மனிதருக்காக நான் இன்னும் ஏங்குகிறேன். இத்தனைக்கும் அவரோடுதான் ஒரே வீட்டில் குடித்தனம் செய்கிறேன்.

அன்று மந்திரிசபையை மாற்றி அமைக்கிறார்கள். சாயங்காலம் பதவியேற்பு. முந்தின நாளே எல்லா மந்திரிகளிடமும் ராஜினாமா வாங்கியாயிற்று. இதில் ஒரு வழக்கம் உண்டு. யாரைத் திரும்ப எடுத்துக்கொள்கிறார்களோ அவருக்கு முதல்வரின் செயலாளர் காலையில் போன் செய்வார். கழற்றிவிடப்பட்டவருக்கு யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். போன் வராவிட்டால் அவராகவே புரிந்துகொள்ள வேண்டும்.

இவர் விடியும்போதே வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்துவிட்டார். மந்திரிசபைக் கூட்ட அறையில் நாற்காலிகள் மூப்பு வரிசைப்படிதான் போட்டிருக்கும். கதவோரத்துக் கடைசி நாற்காலியில் ஆரம்பித்தவர், முதல்வர் பக்கமாக ஒவ்வொன்றாக நகர்ந்து முன்வரிசைக்கு வந்திருந்தார். ஒரு நாற்காலி நகர்ந்தால் அன்றைக்கு மட்டும் வீட்டுக்கு வந்ததும் என்னைத் தேடி வந்து சொல்வார்.

“போன் வேல செய்யுதான்னு பாருய்யா,” என்றார் உதவியாளரிடம்.

உதவியாளர் வெளியே போய்த் தன் போனிலிருந்து அடித்தார். இவர் துள்ளி எழுந்து, “வணக்கங்கய்யா!” என்றார்.

“நான்தாங்கய்யா,” என்றது போன்.

அதற்குப் பிறகு உதவியாளர் டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். வரவில்லை. நண்பகலில் டிவியில் பெயர்களை வாசித்தார்கள். இவர் பெயர் இல்லை. முன்கூடத்தில் மனுவோடு நின்றவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். வாசலில் நின்ற அரசாங்கக் காரையும் காணோம்.

எனக்குச் சந்தோஷம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கால் தரையில் பாவவில்லை. நானே கடைக்கு ஓடி, அந்த மீனாகப் பார்த்து வாங்கி வந்து பொரித்தேன். போனை எடுத்து அடுப்படி அலமாரியில் வைத்தேன்.

சாப்பிட உட்கார்ந்தோம். அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்த சத்தம் கேட்டதும் நிமிர்ந்து, “சொல்லுங்கம்மா, என்ன விஷயம்?” என்றார்.

தினமும் காலையில் முன்கூடத்தில் கேட்கிற குரல் அது. மனு கொண்டுவருகிறவர்களிடம் பேசுகிற குரல். கட்டின பெண்டாட்டியிடம் ‘சொல்லுங்கம்மா’வாம்! எனக்குச் சுருக்கென்றது. கரண்டியை வைத்துவிட்டு எழுந்து போயிருப்பேன். ஆனால் அவர் முகம் வாடிப்போயிருந்தது.

“ஒரு மனு இருக்குங்கய்யா,” என்றேன்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சிரித்துவிட்டார். “சரி, சொல்லு.”

“இந்த வீட்டு மந்திரிசபையில ரெண்டே பேரு. கூட்டம் நடந்து வருஷக்கணக்காச்சு. ஒரு ஆளு வர்றதே இல்ல.”

“யாரு அது? தூக்கிடலாமா?”

“வேணாம். திருந்துறாரான்னு பாப்போம்.”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு ஒரு பெரிய துண்டை எடுத்து, பொறுமையாக முள்ளை ஒவ்வொன்றாக நீக்கி என் தட்டில் வைத்தார். போன மனிதர் திரும்பி வந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

அலமாரியில் போன் அடித்தது.

போய் எடுத்தேன். முதல்வரின் செயலாளர். “அம்மா, கடைசி நேரத்துல ஒருத்தர் மாட்டேன்னுட்டாரு. ஐயாவ சேத்துக்கலாம்னு முதல்வர் சொல்றாரு. ஐயா இருக்காங்களா? இல்லன்னா இப்பவே வேற ஆளக் கேக்கணும்.”

இல்லை என்றால் போதும். எங்கே போனார் என்று தெரியாது என்றால் போதும். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அடுப்படி வாசலிலிருந்து எட்டிப் பார்த்தேன். அவர் திரும்பவில்லை. சோற்றில் வைத்த கை அப்படியே நின்றிருந்தது. மூச்சுக்கூட விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் ஏக்கம்தான். என் மேல் இல்லை, அவ்வளவுதான்.

“இருக்காரு. குடுக்குறேன்,” என்றேன்.

எழுந்து நின்று இடது கையால் வாங்கினார். முதல்வர் வீட்டிலிருந்து பேசினால் எப்போதும் நின்றுகொண்டுதான் பேசுவார். “சரிங்கய்யா… எந்தத் துறைன்னாலும் சரிங்கய்யா.”

அவர் கை கழுவிச் சட்டை மாற்றுவதற்குள் கார் வந்து நின்றது. உதவியாளரும் வந்துவிட்டார். டீக்கடையில் ஒரே கூட்டமாம்.

வாசல்வரை போனவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “உன் மனு…” என்று இழுத்தார்.

“பரிசீலனையில இருக்கு. தெரியும். போயிட்டு வாங்க.”

கார் போனதும் வந்து உட்கார்ந்தேன். அவர் வைத்த துண்டு என் தட்டில் அப்படியே இருந்தது. ஒரு முள்கூட இல்லை. அப்படியும் விழுங்க முடியவில்லை.