கட்டினதா, வாங்கினதா?

முப்பத்தொரு வருடம் ஒரு பீங்கான் தொழிற்சாலையில் சம்பளக் கணக்கு எழுதினேன். இருநூறு பேருக்கு. ஒரு பென்னி குறைகிறது என்று ஒருவரும் வந்து என் ஜன்னலைத் தட்டியதில்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், போன ஜூலை வரைக்கும்.

என் கணவன் ரோலண்ட் அதே தொழிற்சாலையில் சூளைகளைப் பழுதுபார்த்தவன். கடையில் செய்து வைத்த எதுவும் அவனுக்கு ஆகாது. அலமாரி, கோழிக்கூடு, சமையலறை மேசை, எல்லாம் அவன் கைவேலை. "எவனோ முறுக்கின நட்டை நம்பி எப்படித் தூங்குறது?" என்பான். மேசை ஒரு பக்கம் ஆடும். அதற்கு முட்டுக்கொடுக்கும் மரச்சில்லையும் அவனேதான் செதுக்கினான்.

அவனுக்கு ஒரே ஓர் ஆசை. பத்து வயதில் பள்ளிக்கூடத்துப் பஸ்ஸில் வேல்ஸுக்குப் போனான். குதிரைலாடக் கணவாயில் பஸ் மூச்சு வாங்கி ஏறிக்கொண்டிருந்தபோது, நீல நிறக் கோப்ரா ஒன்று பின்னால் வந்து தாண்டிப் போயிருக்கிறது. கூரையில்லாத கார், மூக்கிலிருந்து வால் வரை இரண்டு வெள்ளைக் கோடு. ஓட்டியவர் போகிற போக்கில் கையை உயர்த்தினாராம். அவ்வளவுதான். அந்தக் கையை அவன் ஐம்பத்தைந்து வருடம் நெஞ்சில் வைத்திருந்தான். எனக்கு மோதிரம் போட்ட நாளை மறந்துவிடுவான், அந்தக் கார் எந்த வளைவில் தாண்டியது என்பதை மறக்கமாட்டான்.

அசல் கோப்ரா விற்கிற விலைக்கு எங்கள் தெருவையே வாங்கலாம். அதனால் எங்களைப் போன்றவர்களுக்கு நகல்தான். உடலும் சட்டகமும் பெட்டி பெட்டியாக விற்பார்கள், வீட்டுக் கொட்டகையில் வைத்துக் கட்டிக்கொள்ளலாம். இல்லையென்றால் வேறு யாராவது கட்டி முடித்ததை வாங்கலாம். இந்தப் பித்துப் பிடித்தவர்கள் கூடும் மைதானங்களில் யாரும் யாரிடமும் பெயர் கேட்பதில்லை. "கட்டினதா, வாங்கினதா?" என்றுதான் கேட்பார்கள். வாங்கினது என்று சொன்னால் ஒரு தலையாட்டல், அடுத்த காருக்கு நடை.

ரோலண்டின் ஓய்வுப் பணம் வந்த ஜனவரியில், அந்த ஆடும் மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். உடலும் சட்டகமும் பதினோராயிரத்து ஐந்நூறு பவுண்டு. பாகம் கழற்றிக்கொள்ள ஒரு பழைய கார் ஆயிரத்து இருநூறு. எட்டு சிலிண்டர் எஞ்சின் நாலாயிரத்து எண்ணூறு. பிறகு சக்கரம், பெயிண்ட், அரசாங்கச் சோதனைக் கட்டணம். கடைசியில் 'இன்னபிற' என்று எழுதி அவன் ஐந்நூறு போட்டான். நான் அதை அடித்து ஆயிரமாக்கினேன். மொத்தம் இருபத்து நாலாயிரத்து எழுநூற்றைம்பது.

"ரெண்டு வருஷத்துல முடிச்சிருவேன்" என்றான்.

"வீட்டைக் கட்டிப்பார்னு சும்மாவா சொன்னாங்க? மூணுன்னு எழுது" என்றேன்.

மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, எங்கே போகிறேன் என்று சொல்லாமல் போய்விட்டு வந்தான். மேசையில் ஒரு விளம்பரத் துண்டை வைத்தான். ஷ்ரூஸ்பரியில் ஒருவர் கட்டி முடித்த நீலக் கோப்ரா. விலை முப்பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு.

"பாத்துட்டு வந்தேன். உக்காந்தும் பாத்தேன்" என்றான். "இதையே வாங்கிட்டா என்ன, வாத்து?"

எங்கள் ஊரில் பெண்டாட்டியும் வாத்துதான், பஸ் ஓட்டுநரும் வாத்துதான். ஆனால் அன்றைக்கு அவன் அந்தச் சொல்லைச் சொன்ன விதம் வேறு. கெஞ்சுகிற மாதிரி இருந்தது. அது என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

நான் சிரித்தேன். "யாரு பேசுறது? புத்தகம் வைக்க ஒரு பலகைகூட கடையில வாங்காத ரோலண்டா? எவனோ முறுக்கின நட்டுக்குப் பதினாலாயிரத்து எழுநூத்தம்பது கூடக் குடுப்பியா?"

"காசு போகட்டும். காத்திருக்கணுமேன்னு பாக்குறேன்."

"அம்பத்தஞ்சு வருஷம் காத்திருந்தவனுக்கு இன்னும் மூணு வருஷத்துல என்ன குறைஞ்சுடப் போகுது?"

அவன் அந்தத் துண்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "சரிதான் வாத்து. உன் கணக்கு என்னைக்குத் தப்பா இருந்துச்சு?" என்று சொல்லிவிட்டுக் கெட்டிலை அடுப்பில் வைத்தான்.

பெட்டிகள் வந்தன. கொட்டகையில் இடமில்லாமல் எங்கள் சின்னக் கார் மூன்று வருடம் மழையில் நின்றது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது அப்போதுதான் புரிந்தது. நாலு பவுண்டு கண்ணாடித் திருகுக்குத் தபால் செலவு ஒன்பது பவுண்டு. 'இன்னபிற' ஐந்தாவது மாதமே ஆயிரத்தைத் தாண்டி, பிறகு தனக்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் கேட்டது. திட்டிக்கொண்டே எழுதினேன். ஆனாலும், பொய் எதற்கு, அந்தக் கொட்டகையில் அவன் விசிலடிப்பது சமையலறைக்குக் கேட்கும்போது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மூன்றாவது வசந்தத்தில் நீலம் பூசி வந்தது. வெள்ளைக் கோடுகளை மட்டும் தன் கையால்தான் போடுவேன் என்றான். காகித நாடா ஒட்டினான், பார்த்தான், பிய்த்தான். மறுபடி ஒட்டினான்.

"நெளியுது" என்றான்.

அளவுகோலை எடுத்துக்கொண்டு போய் முன்னால், நடுவில், பின்னால் என்று அளந்தேன். ஒரு மயிரிழை பிசகவில்லை. "கம்பி மாதிரி இருக்கு. உனக்குத்தான் எதுலயும் திருப்தி கிடையாது" என்றேன். நாலாம் முறையும் பிய்த்தான். ஐந்தாம் முறை, "நேராத்தான இருக்கு? நீயே சொல்லு" என்று கேட்டான். நேர் என்றேன். பெயிண்ட் அடித்தான்.

அந்தக் குளிர்காலத்திலிருந்தே சின்னக் காரின் சாவியை என்னிடம் கொடுத்திருந்தான், முழங்கால் வலி என்று. டீயைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றினான், பேச்சுவாக்கில் என்றான். சந்தையில் என்னைத் தாண்டிப் போனான், யோசனை என்றான். ஒவ்வொன்றாக வந்ததால் நான் கூட்டிப் பார்க்கவில்லை. கூட்டுவதுதான் என் தொழில்.

சோதனை முடிந்து பதிவெண் வந்தது. பல கார்களின் பாகம் சேர்த்த வண்டிக்கு வயது தெரியாதென்று க்யூவில் தொடங்கும் எண்தான் தருவார்கள். அவன் அந்தக் கடிதத்தை வாய்க்குள்ளேயே படித்துப் படித்து மனப்பாடம் செய்துவிட்டான். எண்பலகை அடிக்கிற கடைக்கு நான் போனேன், படிவத்தை நான் நிரப்பினேன். பலகைகளைத் தடவிப் பார்த்தே திருகிப் பொருத்தினான். பெட்ரோலும் ஊற்றிவிட்டான். சாவியை எடுத்தவன், வாசலில் கிடந்த பால் புட்டியை உதைத்துக்கொண்டு வெளியே போனான்.

அப்போதுதான் எனக்குள் ஏதோ இடறியது.

"ரோலண்ட், நில்லு. இருபது மீட்டர் தள்ளி நின்னு அந்தப் பலகையைப் படி."

இந்த நாட்டில் உரிமம் வாங்க வருகிற பதினேழு வயதுப் பிள்ளைக்கு வைக்கிற முதல் சோதனை அதுதான். இருபது மீட்டரில் இன்னொரு காரின் எண்ணைப் படிக்க வேண்டும்.

"எனக்கேவா?" என்று சிரித்தான். ஆனால் நடந்தான். சந்தின் கோடிவரை இருபத்தைந்து எட்டு வைத்துத் திரும்பினான். நிமிர்ந்து நின்று உரக்கச் சொன்னான்: "க்யூ, ஆறு, மூணு, எட்டு, கே, ஆர், எஃப்."

கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தேன். சரிதான். இரு, ஒரு முத்தம் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறலாம் என்று திரும்பியவள் பலகையைப் பார்த்தேன்.

ஆறு, எட்டு, எட்டு.

மூன்றை எட்டாக எழுதியிருக்கிறேன். முப்பத்தொரு வருடத்தில் செய்யாத பிசகு. பலகையில் இல்லாத எண்ணை அவன் சத்தமாகப் படித்துவிட்டு, பாராட்டுக்குக் காத்துக்கொண்டு அங்கே நின்றான்.

பாராட்டு வரவில்லை என்பதே அவனுக்குப் போதும். மெதுவாகத் திரும்பி வந்தான், குனிந்து பலகையில் விரலை வைத்து எழுத்து எழுத்தாகத் தடவினான். நடு எண்ணில் விரல் நின்றது.

"எட்டா?"

"எட்டு. என் தப்பு."

கொட்டகைப் படியில் உட்கார்ந்தான். நானும் உட்கார்ந்தேன். கண்ணுக்கு நடுவில் தேய்மானம், ஓரத்தில்தான் இனித் தெரியும், நேர்க்கோடெல்லாம் நெளியும், மருந்து கிடையாது என்று சொன்னான். யாரோ பக்கத்து வீட்டுக்காரனுக்கு வந்த நோயைச் சொல்வதுபோல் சொன்னான்.

"டாக்டர் எப்ப சொன்னாரு?"

கையிலிருந்த சாவியைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

"எப்ப, ரோலண்ட்?"

"ஷ்ரூஸ்பரி போனேனே, அதுக்கு முந்தின வாரம். ரெண்டு வருஷம் நல்லா இருக்கும், மேல போனா அதிர்ஷ்டம்னாரு."

ரெண்டு வருடம். அந்த விளம்பரத் துண்டு, உக்காந்தும் பாத்தேன், காத்திருக்கணுமேன்னு பாக்குறேன், எல்லாம் அந்தப் படியில் ஒன்றாக வந்து என் மேல் விழுந்தன. அவன் ஆயுசில் முதல் தடவையாக, கட்டினதல்ல, வாங்கினது வேண்டும் என்று கேட்டான். நான் அவன் வசனத்தையே எடுத்து அவனை அடித்திருக்கிறேன்.

"ஏன்டா சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே வாங்கியிருப்பேனே" என்று கத்தினேன்.

"தெரியும். அதான் சொல்லல." கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டான். "பாவம் பாத்து வாங்கினதா இருக்கக் கூடாதுன்னு தோணிச்சு வாத்து. ஆசைப்பட்டு வாங்கினதா இருக்கணும். அப்புறம் கட்ட ஆரம்பிச்சதும், கண்ணை முந்திடலாம்னு நினைச்சேன். மூணு மாசம் பிந்திட்டேன்னு வையி."

உரிமத்தை அவனே தபாலில் திருப்பி அனுப்பினான். கடித உறையில் விலாசம் மட்டும் நான் எழுதினேன், மூன்று முறை சரிபார்த்து. புதுப் பலகை முப்பது பவுண்டு. நோட்டில் எழுதினேன்.

செப்டம்பரில் நான்தான் ஓட்டினேன். அந்த கிளட்சை மிதிக்க எருமையின் கால் வேண்டும். எங்கள் தெருவைத் தாண்டுவதற்குள் இரண்டு முறை நின்றுபோனது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து எஞ்சின் சத்தத்தை வைத்தே சொல்லிக்கொண்டு வந்தான்: "இப்ப மூணு போடு. விடு, விடு, அது தானா இழுக்கும்." குதிரைலாடக் கணவாயில் ஏறும்போது பேச்சு நின்றது. ஒரு வளைவில், "இங்கதான்" என்றான். எனக்கு எல்லா வளைவும் ஒன்றாகத்தான் இருந்தன, அவனுக்கு உடம்பே சொன்னது. எதிரே ஒரு பஸ் வந்தது. யார் இருந்தார்களோ, அவன் கையை உயர்த்தினான்.

உச்சியில் டீக்கடைக்கு முன்னால் நிறுத்தினேன். மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் காரைச் சுற்றி வந்து, குனிந்து அடிப்பக்கம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"கட்டினதா, வாங்கினதா?"

"கட்டினது" என்றான் ரோலண்ட். "மூணு வருஷம் நாலு மாசம்."

"கோடு பிரமாதமா போட்டிருக்கீங்க. நானும் ஒண்ணு கட்டினவன்தான். வாங்குறதவிட லாபமா இருந்துச்சா?"

"கணக்கு அவகிட்ட. பென்னிகூடத் தப்பாது, கேளுங்க."

எனக்குத் தெரியும். செலவு முப்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பதினெட்டு. ஷ்ரூஸ்பரி கார் முப்பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு. மிச்சம் ஏழாயிரத்து எண்ணூற்று எண்பத்திரண்டு பவுண்டு. பாங்கில்தான் இருக்கிறது. நாக்கு நுனிவரை வந்தது.

"நஷ்டம்" என்றேன்.

பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். பாம்பின் கால் பாம்பறியும், கட்டினவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ரோலண்ட் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்ப்பதற்காக, இப்போதெல்லாம் பார்க்கிற விதத்தில், தன் முகத்தைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.